ஒரு பிறந்தநாளுக்கு ஒரு குழந்தை

உலகத்தில் நியாயம் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்பவர்கள் ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்கு வர வேண்டும். மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யாது; நியாயம் மட்டும் தடையில்லாமல் வேலை செய்யும். பள்ளிக்கூடங்களுக்கு மென்பொருள் எழுதித் தருவது எங்கள் தொழில். ஒன்றாம் வகுப்பில் யார் யாருக்கு இடம் என்று தீர்மானிக்கும் அந்த மாபெரும் நியாயத்தை, ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் எழுதி முடித்தவன் அடியேன்தான் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் தலைவருக்கு வரிசை என்றால் உயிர். ஊழியர்களை எடை வரிசையில் உட்காரவைக்கலாம் என்று ஒருமுறை யோசித்தார். முதல் நாற்காலிக்குத் தாமே போக வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார். அவர்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பெரிய ஸ்கூல்பா. நானூத்திப் பத்து விண்ணப்பம் வந்திருக்கு. வயசுல மூத்த குழந்தைக்கு முதல் இடம். லிஸ்டை எப்பத் திறந்தாலும் பிறந்த தேதி வரிசையில நிக்கணும். கலையவே கூடாது."

"அதுக்குன்னே ஒண்ணு இருக்கு சார். ஸார்ட்டட் மேப்."

"பேரே நல்லா இருக்கே! போடு, போடு."

ஸார்ட்டட் மேப் என்பது அறைகள் வைத்த அலமாரி மாதிரி. ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாவி. எதை எப்போது கொண்டுவந்து வைத்தாலும் சாவிகள் தாமாகவே வரிசையில் நின்றுகொள்ளும். எங்கள் தொழிலில் கண்ணில் படுவதெல்லாம் 'பொருள்'தான். குழந்தையும் பொருள், குழந்தை போகும் பள்ளியும் பொருள். ஆகவே பிறந்த தேதியைச் சாவியாக்கினேன். குழந்தையை உள்ளே வைத்தேன்.

அந்த அலமாரிக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. ஒரு சாவிக்கு ஓர் அறை, ஓர் அறைக்கு ஒரு பொருள். அதே சாவியோடு இன்னொன்று வந்தால் பழையது வெளியே. அடிதடி கிடையாது, பிழைச் செய்தி கிடையாது. வெளியே எடுத்ததைக்கூட நாகரிகமாக நம் கையில்தான் கொடுக்கும். நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை, அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பன்னிரண்டு குழந்தைகளை நானே கற்பனையில் உருவாக்கி, மாதத்துக்கு ஒன்றாக, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் பிறக்கவைத்தேன். பன்னிரண்டும் அழகாக வரிசையில் நின்றன. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

பட்டியல் வெளியான அன்று காலை எங்கள் பரிசோதகர் என் மேசைக்கு வந்தார். எல்லாவற்றையும் சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குபவர். ஆகையால் அவரை 'சந்தேகம்' என்றே கூப்பிடுவோம்.

"உள்ள போனது நானூத்திப் பத்து. வெளிய வந்தது இருநூத்தி நாப்பத்தாறு. மிச்சம் நூத்தி அறுபத்துநாலு குழந்தைங்க எங்க?"

கேட்ட நொடியிலேயே காரணம் புரிந்துவிட்டது. உண்மையான குழந்தைகள் என் கற்பனைக் குழந்தைகளைப் போல ஒழுக்கமானவர்கள் அல்ல. ஒரே தேதியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று பிறந்து வைத்திருந்தார்கள். அவர்களில் கடைசியாக விண்ணப்பித்தவர் உள்ளே. முதல் நாளே வந்து கால் கடுக்க நின்று விண்ணப்பம் கொடுத்தவர் வெளியே.

"வாங்க, போய்ச் சொல்லிடலாம்" என்றார் சந்தேகம்.

சொல்லத்தான் எழுந்தேன். அதற்குள் பள்ளியின் தலைமையாசிரியை பூங்கொத்தோடு உள்ளே நுழைந்துவிட்டார்.

"எங்ககிட்ட இருக்கறதே இருநூத்தி நாப்பது இடம். வருஷா வருஷம் கேட்டுல சண்டை. இந்தத் தடவை லிஸ்ட்ல இருநூத்தி நாப்பத்தாறே பேர்! ஆறு பேர்கிட்ட மன்னிப்பு கேட்டா வேலை முடிஞ்சுது. எப்படிங்க இவ்வளவு கச்சிதமா வந்துச்சு?"

"எங்க ஆளுதான் எழுதினார்" என்று தலைவர் என் தோளில் கை போட்டார். அவர் கை என் தோளில் விழுந்தது அதுவே முதல் முறை. கையில் பூங்கொத்தையும் தோளில் தலைவரையும் சுமந்துகொண்டு உண்மை பேசுவது கஷ்டம். பூங்கொத்துக்கு நன்றி சொன்னேன். வெளியே விழுந்த நூற்று அறுபத்து நான்கு வீடுகளுக்கும் 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு குறுஞ்செய்தி போயிற்று. எங்கள் துறையில் இதைவிட மரியாதையாகக் கதவைச் சாத்த முடியாது.

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். அக்காவுக்கு இரட்டைப் பெண்கள். இருவருக்கும் அதே பள்ளிக்குத்தான் விண்ணப்பம் போட்டிருந்தாள். பெரியவள் ஏழு நிமிடம் மூத்தவள். அந்த ஏழு நிமிட அதிகாரத்தை இன்றுவரை செலுத்திக்கொண்டிருப்பவள்.

"தம்பி, லிஸ்ட்ல சின்னவ பேர் இருக்கு, பெரியவ பேரைக் காணோம். ரெண்டு ஃபாரத்தையும் நான்தானே ஒண்ணா உக்காந்து நிரப்பினேன்?"

பெரியவளின் விண்ணப்பத்தை முதலில் அனுப்பியிருக்கிறாள். பின்னால் வந்த சின்னவள், சொந்த அக்காவை அறையிலிருந்து கிளப்பிவிட்டாள்.

"பார்க்கிறேன்க்கா" என்றேன்.

மறுநாளும் கூப்பிட்டாள். அடுத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், ஒருத்தியை இங்கே விட்டு இன்னொருத்தியை அங்கே கொண்டுபோய் விட்டு எந்த நேரத்துக்கு வேலைக்குப் போவேன் என்றாள். பார்க்கிறேன் என்றேன். பெரியவள் புதுப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "நான் எதுல ஃபெயில் ஆனேன்?" என்று கேட்கிறாள் என்றாள். அதற்கும் பார்க்கிறேன் என்றேன். பதினோரு நாள் பார்த்தேன். அந்தப் பதினோரு நாளில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. 'மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று என் படத்தை நுழைவாயிலில் மாட்டினார்கள். சந்தேகம் மட்டும் தினமும் என் மேசைப் பக்கம் வந்து, "நூத்தி அறுபத்துநாலு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பதினோராம் நாள் அக்கா பொறுமையிழந்து, இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். உடனே பள்ளியின் கூட்ட அரங்கில் அவசரக் கூட்டம். தலைவர், நான், சந்தேகம் மூவரும் ஓடினோம். ஒரு தேதிக்கு ஒரு குழந்தைதான் நிற்கும் என்ற விஷயத்தைச் சந்தேகம் போனதுமே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். நூறு பேர் உட்காரக்கூடிய அரங்கில் ஏழு பேர் உட்கார்ந்தோம்.

தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். "அம்மா, ஒரே நாள்ல ரெண்டு குழந்தை பெத்துக்கிட்டா சிஸ்டம் என்னங்க செய்யும்?"

"ஆஸ்பத்திரியில ரெண்டு தொட்டில் போட்டாங்க" என்றாள் அக்கா.

"ஆஸ்பத்திரி வேற, சிஸ்டம் வேற" என்று தலைவர் கனிவோடு விளக்கினார். "சிஸ்டம் தப்பே பண்ணாது. ஆனா நாங்க மனுஷங்க, ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கோம். வருஷத்துல நூத்திப் பத்தொன்பது நாள் காலியாத்தான் கிடக்கு. உங்க பெரியவளை அதுல ஒண்ணுக்கு மாத்திடலாம்."

"என்னத்தை மாத்தறது?"

"பிறந்த தேதியை. ஒன்பதாம் தேதி சின்னவகிட்ட இருக்கட்டும். எட்டுல ஆள் இருக்கு. மூணுலேர்ந்து ஏழு வரைக்கும் எல்லாம் ஃபுல். ரெண்டாம் தேதி காலி. நல்ல நாளா வேற இருக்கு."

"பிறந்தநாளா சார் இது, பஸ் சீட்டா?"

தலைமையாசிரியை நியாயமான ஓர் ஆட்சேபணை எழுப்பினார். "ஆனா இரட்டைக் குழந்தைங்களுக்கு ஏழு நாள் வித்தியாசம் எப்படி வரும்? ஆடிட்ல கேட்பாங்களே."

"அந்த ஏழு நாளும் நான் பிரசவ அறையிலேயே படுத்திருந்தேன்னு நீங்களே எழுதிக்குங்க" என்றாள் அக்கா. தலைவர் அதையும் ஒரு யோசனையாக நினைத்துக் குறித்துக்கொண்டார்.

இருநூற்று நாற்பத்தாறு தேதிகளில் எதுவும் கலையாமல் ஒரு குழந்தையை மறுபடி பிறக்கவைப்பது எப்படி என்பது பற்றி அரை மணி நேரம் விவாதம் நடந்தது. இரண்டாம் தேதிக்கு முன்மொழிவும் வழிமொழிவும் ஆயிற்று. அப்போது பெரியவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று சட்டைக் கையை இழுத்தாள்.

"மாமா, நான் எப்ப பிறந்திருந்தா உங்களுக்குச் சரியா இருந்திருக்கும்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்தால் முயற்சி செய்யலாமே என்பது போலக் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

மடிக்கணினியைத் திறந்தேன். "என்னப்பா பண்றே?" என்றார் தலைவர். ஒரு தேதிக்கு ஒரு குழந்தை என்றிருந்ததை, ஒரு தேதிக்கு எத்தனை குழந்தைகளோ அத்தனை பேரின் பட்டியல் என்று மாற்றினேன். நான்கு வரி. சாவிகள் அப்படியே வரிசையில் நின்றன. வரிசைக்கு ஒரு குறையும் வரவில்லை. அறை ஒவ்வொன்றிலும் இரண்டு பேர், மூன்று பேர் என்று நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

சந்தேகம் எட்டிப் பார்த்துவிட்டு, "நானூத்திப் பத்து" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"நானூத்திப் பத்தா!" தலைமையாசிரியை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இவ்வளவு பேரை எங்கங்க உக்கார வைப்பேன்? இடமே இல்லையே!"

அக்கா அரங்கைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். "இது என்ன ரூம் மேடம்?"

அதற்குப் பிறகு ஒரு வாரம் கேட்டில் சரியான சண்டை. நூற்று அறுபத்து நான்கு வீடுகளும் வந்துவிட்டன. கடைசியில் கூட்ட அரங்கு, விருந்தினர் அறை, பரிசுக் கோப்பைகள் வைக்கும் அறை, விருந்தினர் வந்தால் கோப்பைகளைத் துடைத்து வைப்பதற்கான அறை ஆகிய நான்கும் திறக்கப்பட்டு வகுப்புகளாயின. கோப்பைகள் தாழ்வாரத்துக்குப் போயின. பெரியவளும் சின்னவளும் முன்னாள் கூட்ட அரங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிறார்கள். பெரியவள் தினமும் ஏழு நிமிடம் சீக்கிரம் வகுப்புக்குப் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறாளாம்.

எனக்கு மெமோ வந்தது. வாடிக்கையாளர் முன்னிலையில் அனுமதியின்றி மடிக்கணினியைத் திறந்தது; வெளியிட்ட பட்டியலில் கை வைத்தது; முன்னறிவிப்பின்றி நூற்று அறுபத்து நான்கு குழந்தைகளை 'உண்டாக்கியது'; பற்றாக்குறையே இல்லாதிருந்த ஒரு நிறுவனத்தில் பற்றாக்குறையை ஏற்படுத்தியது. மொத்தம் நான்கு குற்றங்கள். நான்கும் உண்மை என்பதால் மறுக்காமல் கையெழுத்துப் போட்டேன். பட்டியல் முழுமையாக இல்லையே என்று மனது கேட்காமல், கீழே ஐந்தாவதாக ஒன்றை என் கையாலேயே எழுதிச் சேர்த்தேன்: 'காரணம் தெரிந்தும் பதினோரு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது.'

தலைவர் மேலிருந்து கீழ்வரை படித்தார். நான்கு வரிகளுக்கும் தலையாட்டினார். ஐந்தாவது வரி வந்ததும் பேனாவை எடுத்து, அதை மட்டும் அழுத்தி அடித்தார்.

"இது குத்தம் இல்லப்பா" என்றார் பாசத்தோடு. "இந்த ஒண்ணுக்காகத்தான் உன்னை இன்னும் வேலையில வெச்சிருக்கோம்."