மானேஜர் கொடுத்த மாங்கொட்டை

"ஒரு கொட்டைக்கு மூணு கன்று எப்படி வரும்?" என்று ஹாலாஸ்யம் கத்தியதில், கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த இருளாயியின் கை அப்படியே நின்றது.

ஹாலாஸ்யம் மதுரையில் ஒரு பஞ்சாலை ஆபீசில் குமாஸ்தா. மானேஜர் சிவசங்கரனின் காலஞ்சென்ற மனைவி வைத்து வளர்த்த மாமரம் ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. அதன் கடைசிப் பழத்தின் கொட்டையை, "உம்ம கைராசியை நம்பித் தர்றேன்" என்று ஹாலாஸ்யத்திடம் ஒப்படைத்திருந்தார். அது தொட்டியில் முளைத்தது. ஒரே கன்றாக முளைத்திருந்தால் தொல்லையில்லை. கன்றை எடுத்துப் போக இன்று மானேஜர் வருகிறார்.

எது அந்த மரத்தின் பிள்ளை? இலைகளைக் கசக்கி முகர்ந்தார். மூன்றும் ஒரே வாசனை. இருளாயி பக்கம் திரும்பினார்.

"பழத்தைத் தின்னுட்டுக் கொட்டையை இதுலே வீசினது நீதானே? நாளையிலேருந்து வராதே."

"மீனாட்சி சத்தியமா இல்லீங்க சாமி! மாம்பழத்துக்கு நான் எங்கிட்டுப் போவேன்?"

இருளாயி வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான் என்பது ஹாலாஸ்யத்தின் மனைவி ஜானுவுக்குத் தெரியும். அடுக்களையிலிருந்து வந்தாள்.

"ஏன்னா, அவளை விரட்டாதேள். ஒரு கொட்டையை நான்தான் புதைச்சேன்."

"அப்போ இன்னொண்ணு?"

அடுத்த வீட்டு ஜகதாம்பாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அது நான் வீசினது. குப்பைத் தொட்டின்னு நெனச்சுட்டேன்."

"சரி, அவாவா கன்றைக் காட்டுங்கோ."

ஜானு இடப்பக்கக் கன்றைக் காட்டினாள். ஜகதாம்பாளும் அதையே காட்டினாள்.

ஹாலாஸ்யத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "மானேஜர் முகத்திலே நான் எப்படி முழிப்பேன்?" என்று அவர் ஜானுவைப் பிடிபிடியென்று பிடிக்க, அவள் கண் கலங்கியது. இருளாயிக்குப் பொறுக்கவில்லை.

"அம்மாவை வையாதீக சாமி! பாவி நாந்தான் போட்டேன்."

"எதை?"

"எது மிச்சமோ, அதை."

ஹாலாஸ்யம் யோசித்துப் பார்த்தார். கன்று மூன்று, போட்டவர்கள் மூவர். எல்லாம் சரியாக இருந்தது. மானேஜரின் கொட்டைக்குத்தான் இடமில்லை.

வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. மானேஜரும், சாக்கும் கையுமாக வண்டிக்காரன் கருத்தக்கண்ணனும் கொல்லைக்கு வந்தார்கள்.

"எங்கே ஓய், நம்ம கன்று?"

ஹாலாஸ்யம் வாயைத் திறந்தார். சாம்பல் பூசிய கைகளைக் கூப்பிக்கொண்டு இருளாயி நிற்பது கண்ணில் பட்டது. மீனாட்சியை மனத்தில் நினைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும் சார். உங்க கொட்டை முளைக்கலை. பயந்துபோய் நான்தான் கடையிலே வாங்கின பழத்துக் கொட்டை மூணைப் போட்டேன்."

"இல்லை, நான்தான் போட்டேன்!" என்றாள் ஜானு.

"நான்தான்!" என்றாள் ஜகதாம்பாள்.

"நாந்தான் சாமி!" என்று அழுதாள் இருளாயி.

மானேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"போகட்டும். யாரையும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். எந்தக் கன்றானாலும் நிழல் தரும். எடுத்து வை, கருத்தக்கண்ணா."

கருத்தக்கண்ணன் தொட்டியைக் கவிழ்த்து, மண்ணை உதிர்த்து, வேரோடு கையில் ஏந்திப் பார்த்தான்.

"எசமான், மூணும் ஒரே கொட்டையிலதான் கெளம்பியிருக்கு. வேற கொட்டையே இல்லை. இவுக அம்புட்டுப் பேரும் என்னத்தைப் போட்டாகளாம்?"