முக்கால் மணி நேரத்தில் ஒரு தாய்மாமன்

தேனி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. அந்தக் குறை தெரியாமல் காமயகவுண்டன்பட்டியைக் காத்தவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் ஏரோப்ளேன். தொழில் திராட்சைத் தரகு. கம்பத்தில் வேலை பார்த்த நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். மனிதர் விமானம் ஏறியதே இல்லை. ஆனால் செல்போனில் இரண்டு ஊர்களைத் தட்டி, வானவழித் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் பார்க்காமல் அவருக்குக் காலைக் காபி இறங்காது.

டவுன் பஸ்ஸிலும் விடமாட்டார்.

"கம்பத்துக்கு வானத்துல ரெண்டு நிமிசம்ப்பா. நீ என்ன இம்புட்டு நேரம் உருட்டுற?"

"அப்பப் பறந்தே வந்துருங்கண்ணே, டிக்கெட் மிச்சம்" என்பார் கண்டக்டர்.

எத்தனை ஊர் தட்டினாலும் கடைசியில் தேஜு, லீலாபாரி என்ற இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"அருணாசலத்துல தேஜு. அங்கன மகன் ரோடு போடுறான். அசாம்ல லீலாபாரி. அங்கன மக நர்சா இருக்கா. கூட வேல பாத்த அசாம்காரப் பையனக் கட்டிக்கிட்டா. அன்னைக்கு நிறுத்துன பேச்சுத்தான், அண்ணங்காரன் இன்னும் பேசல. நடுவுல முக்கா மணி நேரந்தான் சார்."

அந்த மாதம் பேரனுக்குக் காதுகுத்து வைத்தாள் மகள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

"நீங்க போகலையா?" என்றேன்.

"திராட்ச வெட்டு நடக்குது சார்."

கொடியில் அப்போதுதான் பூ விட்டிருந்தது.

மகனைப் போனில் பிடித்தார். "ஏலே, முக்கா மணி நேரம். போயிட்டு வந்துரு."

"அப்பா, அந்த வழியில விமானமே விடல."

"விடாமயா நேரம் போட்டிருக்கான்?"

"அது சும்மா கோடு போட்டு அளக்குறது. வண்டியில போனா ஒரு பகல் முழுக்க ஆகும்."

ஏரோப்ளேன், "அப்ப ஒரு பகல் முழுக்கப் போ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

காதுகுத்தன்று காலையிலேயே மாடிக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டார். செல்போனையே பார்த்தபடி இருந்தார். வீடியோ அழைப்பு வந்தது.

"அப்பா, அண்ணன் வந்துருச்சு" என்றாள் மகள். போனை அண்ணன் பக்கம் திருப்பினாள்.

கால்சட்டை நிறையச் சேற்றோடு சம்மணமிட்டிருந்தான் மகன். மடியில் குழந்தை. ஊசி காதுக்கு அருகே வந்ததும் முதலில் கத்தியது மாமன்தான். அதைப் பார்த்துப் பயந்துதான் குழந்தை அழுதது. பின்னால் ஒல்லியாக ஒருவர் தயங்கி நின்றார்.

"ஆத்தா, மாப்பிள்ள பின்னால நிக்கிறாக பாரு. அவகள முன்னால வரச் சொல்லு" என்றார் ஏரோப்ளேன்.

வந்தவர் கைகூப்பினார்.

"சாப்ட்டீகளா மாப்ள?"

ஒரு வார்த்தையும் புரியாமல் மாப்பிள்ளை பலமாகத் தலையாட்டினார்.

அழைப்பு முடிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மதுரையிலருந்து அங்கன போக உங்களுக்கு டிக்கெட் போடத் தெரியுமா சார்?" என்றார்.

"போட்டுடலாம். விமானம் ஏறப் பயமில்லையே?"

"பயந்தான். நீங்களும் கூட வாங்களேன்."

நான் ஆபீசுக்குப் போன் செய்து லீவு சொன்னேன்.