மக்கள் விரும்பிய பள்ளம்

தெரு என்று ஒன்று இருந்தால் சாக்கடை இருக்கும். சாக்கடை இருந்தால் அதன் மேல் சிலாப் இருக்கும். சிலாப் இருந்தால் ஒரு நாள் உடையும். இதெல்லாம் இயற்கையின் நியதி. உடைந்ததை மாற்றுவது மட்டும் நகராட்சியின் பொறுப்பு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். தையல்காரியின் கடை வாசலில் வாய் பிளந்த சாக்கடையை மூடவும் பதினோரு மாதமாக எதுவும் கிடைக்கவில்லை.

அவள் கணவர் பெயிண்டர். இருபது வருஷம் மூன்றாம் மாடிச் சாரத்தில் நின்று சுவருக்கு வண்ணம் அடித்தவர். ஒரு கீறல் பட்டதில்லை. தரையில் நடந்து, சொந்த வாசலில் அந்தப் பள்ளத்தில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். இன்னொரு தடவை விழுந்தால் ஏணியை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளத்தைத் தாண்டப் பயந்து துணி தைக்க வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். தையல்காரிக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு சிலாப்.

நகராட்சி இன்ஜினீயரிடம் போய் நின்றாள்.

"முன்ன மாதிரி இல்லம்மா," என்றார் அவர். "உங்க தெரு இப்ப மக்களே வடிவமைக்கிற திட்டத்துல இருக்கு. உங்களுக்கு என்ன வேணும்னு நாங்க முடிவு பண்ணக் கூடாது."

"எனக்கு என்ன வேணும்னு நானே சொல்றேன் சார். சிலாப்."

"நீங்க சொன்னா எப்படி? மக்கள் சொல்லணும். மக்கள் என்ன சொல்றாங்கன்னு பல்கலைக்கழகம் சொல்லும்."

பல்கலைக்கழகம் அடுத்த வாரமே, ஒரு பேராசிரியரும் ஒரு ஆய்வு மாணவியுமாக, தெருமுனைப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்தது. பேராசிரியர் பார்த்துப் பார்த்துக் கசக்கிய பருத்திச் சட்டை போட்டிருந்தார். சாதாரண ஜனங்களோடு பழகும்போது இஸ்திரி போட்டுக்கொள்வது இப்போது படித்தவர்களிடையே வழக்கத்தில் இல்லை. "நாங்க சொல்லிக் கொடுக்க வரல, உங்ககிட்ட கத்துக்க வந்திருக்கோம்" என்று ஆரம்பித்தவர் ஒன்றரை மணி நேரம் விடாமல் பேசினார்.

பிறகு ஆளுக்கொரு வண்ணச் சீட்டு கொடுத்தார்கள். தையல்காரி 'சிலாப்' என்று எழுதிப் பலகையில் ஒட்டினாள். பேராசிரியர் அதைக் கனிவோடு பிய்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது தீர்வு, அக்கா. தீர்வெல்லாம் கடைசியிலதான் வரணும். முதல்ல கனவு காணுங்க. உங்க கனவுத் தெருவ வரைஞ்சு காட்டுங்க."

அவள் தெருவை வரைந்தாள், சிலாப்போடு.

"இதுல பறவைங்க எங்கே அக்கா?"

"பறவை பறந்து போயிடும் சார். எங்க வீட்டுக்காரர்தான் நடந்து போகணும்."

பேராசிரியருக்குப் புல்லரித்துவிட்டது. மாணவியைக் கூப்பிட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அந்த வாக்கியம் அறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்துக்குத் தலைப்பானது. சிலாப் எந்த அத்தியாயத்திலும் வரவில்லை.

மாணவி இரண்டு வாரம் ஒரு ஸ்டூலைப் போட்டுத் தெருவில் உட்கார்ந்து, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று நோட்டில் கோடு கிழித்தாள். பிறகு அறிக்கை மண்டபத்தில் வாசிக்கப்பட்டது.

தெரு நெடுக ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போகிறார்கள். ஒரே ஓரிடத்தில் மட்டும் நாளொன்றுக்கு இருநூற்றுப் பதினாலு முறை பேச்சு நடக்கிறது: "பாத்து!", "ஐயையோ!", "கையப் புடிங்க!" கைகோத்தல் மட்டும் நாற்பத்தொன்று. ஆகையால் மேற்படி இடம் தன்னெழுச்சியான சமூக உறவு மையம் என இதனால் அறியப்படுகிறது. அதை அதன் தற்போதைய நிலையிலேயே பாதுகாத்தல் வேண்டும்.

"சார், அது பள்ளம்!" என்றாள் தையல்காரி.

"உங்களுக்கு அப்படித் தோணும் அக்கா. பக்கத்துலயே இருக்கிறவங்களுக்கு ஒரு பொருளோட அருமை தெரியாது."

"உள்ள விழுந்தவனுக்குத் தெரியும் சார்," என்றார் பெயிண்டர், கோலைத் தட்டி.

இனி பேசிப் பயனில்லை என்று தையல்காரிக்குப் புரிந்தது. மறுநாள் காலை, தெரிந்த கொத்தனார் ஒருவரிடம் மீந்து கிடந்த சிலாப்பைக் கொண்டுவரச் செய்து போட்டுவிட்டாள். அரை மணி நேர வேலை. அன்று தெரு முழுக்க நிம்மதியாக நடந்தது. அறிக்கை முடிந்தும் ஸ்டூலை விடாத மாணவியின் நோட்டில் ஒரு கோடுகூட விழவில்லை.

பதினோரு மாதமாக வழி தெரியாமல் இருந்த இன்ஜினீயர் சாயங்காலமே வந்து நின்றார்.

"மக்கள் பங்கேற்பு இல்லாம நீங்களா எப்படிப் போடலாம்?"

"நாங்க யாரு சார், மக்கள் இல்லையா?"

"கூட்டம் போட்டீங்களா? கையெழுத்து வாங்கினீங்களா? அப்புறம் எப்படி மக்கள்?"

அவசரக் கூட்டம் கூடியது. பேராசிரியர் எழுந்தார். "அடுத்த மாசம் இந்த மையத்தைப் பார்த்துப் பரிசு கொடுக்க அயல்நாட்டுலேர்ந்து குழு வருது. ஆனா முடிவு உங்க கையிலதான். விளிம்புக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கணும், வர்றவங்களுக்கு முந்நூறு துணிப்பை தைக்கணும். எல்லாத்துக்கும் கூலி உண்டு; இந்தத் தெருக்காரங்களே செய்யணும்னு எங்களுக்கு ஆசை. சிலாப்ப எடுக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

முதல் கை டீக்கடைக்காரருடையது. வருகிறவர்கள் எல்லாரும் டீ குடிப்பார்களே. அப்புறம் வரிசையாக ஏறின கைகள். மானம் கெட்ட ஜனங்கள் என்று திட்டிக்கொண்டே தையல்காரி கணவரைப் பார்த்தாள். பள்ளத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஏணி வேண்டியதில்லை. அவருக்கு ஒரு கை கோலில் இருந்தது; மறு கை மேலே இருந்தது.

முந்நூறு பை. அவளும் தூக்கினாள்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறி, சிலாப் பத்தே நிமிஷத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டது. நகராட்சி அவ்வளவு விரைந்து வேலை செய்ததை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்போது தையல்காரி பள்ளத்தின் படம் போட்ட பையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் கோல் சத்தம் கேட்கிறது. மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடு கணவர் வருகிறார்.

"பாத்து!" என்று தலையைத் தூக்காமலே கத்துகிறாள்.

எதிரே ஸ்டூலில் இருக்கும் மாணவி நோட்டைத் திறந்து ஒரு கோடு கிழிக்கிறாள்.