வெள்ளைத் திரைக்குக் கைதட்டிய வாலாஜாபாத்

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவர்களிடமிருந்து வீட்டில் இருப்பவர்களைக் காப்பாற்ற நம் நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. யோகா கற்றுக்கொண்டவர் எதிரில் வருகிறவர்களின் முதுகெலும்பைப் பார்த்துத்தான் பேசுவார். சிறுதானியத்துக்கு மாறியவர் அடுத்தவர் தட்டை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். நான் இணையதளம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டேன். அதிலும் ‘எளிமையான வடிவமைப்பு’ என்பதில் சிறப்புப் பயிற்சி. (சிறப்புப் பயிற்சி என்பது ரயிலில் நின்றுகொண்டே கைபேசியில் பார்த்த காணொளிகள்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. செவிலிமேட்டில் அப்பா அம்மாவோடு இருந்தேன். வேலை சென்னையில். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பும் வாழ்க்கை. ஒருநாள் ரயிலில் தூங்கி வழிந்து, முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் பட்டு ரவிக்கைத் தோளில் எச்சில் ஒழுக விட்டேன். கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த அந்த அம்மாள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அன்றே ராஜினாமா. இனி வீட்டிலிருந்தே சொந்தத் தொழில் என்று அறிவித்தேன்.

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நிறுத்தம் நிறுத்தமாகத்தான் யோசிப்பார்.

“சரி சுகன்யா. ஒரு வேலைய எடுத்து முழுசா முடிச்சுக் காட்டு. நல்லா வந்துச்சுன்னா வீட்லயே இரு. இல்லன்னா மறுபடியும் ரயிலுதான். நடுவுல ஸ்டாப்பிங் கெடையாது.”

அந்த ஒரு வேலையைக் கொடுத்தவர் தரணேந்திரன் அண்ணன். முசரவாக்கம் பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் ஜைனக் குடும்பம். கல்லூரிக் காலத்தில் அப்பாவின் பேருந்தில் தினமும் வந்தவர் என்பதால் வீட்டுப் பிள்ளை மாதிரி. காஞ்சிபுரம் டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிற வியாபாரிகள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: பில் போட எந்த மென்பொருள் நல்லது? சரக்கு இருப்புப் பார்க்க? சம்பளக் கணக்குக்கு? புடவை டிசைன் வரைய? இலவசமா, தமிழில் வருமா? பதில் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. எல்லாவற்றையும் திரட்டி ஒரே தளத்தில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். பெயரும் வைத்துவிட்டார்: ‘கருவிப்பெட்டி’. விவரங்கள் அவருடையவை. முகப்புப் பக்கம் என்னுடையது.

“மேல நடுவுல எங்கப்பா படம்மா. மாலையோட,” என்று ஆரம்பித்தார். “ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. சும்மா இல்ல, எரிஞ்சிக்கினு இருக்கணும். கீழ வருக வருகன்னு எழுத்து ஓடணும். அப்புறம் எல்லா சாஃப்ட்வேர் பேரும் மொதப் பக்கத்திலயே வந்துடணும். வர்றவங்க தேடவே கூடாது பாரு.”

நான் கண்களை மூடித் திறந்தேன். காணொளிகளில் வருபவர்கள் இப்படிப்பட்ட வாடிக்கையாளர்களிடம் அப்படித்தான் செய்வார்கள்.

“அண்ணா, ஒரு பட்டுப்புடவைய எடுத்துக்கங்க. உடம்பு பூரா ஜரிகை போட்டா யாராவது கட்டுவாங்களா? உடல் பிளெயினா இருந்தாத்தான் பார்டர் எடுக்கும். காலி இடம்தான் அண்ணா அழகு. பார்க்கிறவங்க மூச்சு விடணும்.”

காஞ்சிபுரத்துக்காரரிடம் புடவையை உதாரணம் காட்டினால் பாதி வெற்றி. மீதிப் பாதிக்கு வாயில் நுழையாத ஆங்கில வார்த்தைகளை அள்ளி விட்டேன். (புரியாத விஷயத்துக்கு மரியாதை கொடுப்பது அவருடைய நல்ல குணம். அதில் நான் பந்தல் போட்டுக் குடியேறிவிட்டேன்.)

“சரிம்மா, படிச்ச பொண்ணு சொல்றே,” என்று தலையாட்டினார். அவருடைய அப்பா படத்தை எடுத்துவிட்டபோது மட்டும் அவர் முகம் கொஞ்சம் வாடியது.

எடுக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. விளக்கை எடுத்தேன். ஓடும் எழுத்தை எடுத்தேன். மென்பொருள் வகைகளை ஒரு பொத்தானுக்குள் ஒளித்தேன். மறுநாள் அந்தப் பொத்தானே உறுத்தியது, அதையும் எடுத்தேன். தளத்தின் பெயரைச் சிறியதாக்கி மூலையில் ஒதுக்கினேன். கடைசியில் மிஞ்சியது, வெள்ளைப் பின்னணியின் நடுவில் ஒரு தேடல் கட்டம். அதன் கோடு வெளிர் சாம்பல். உள்ளே ‘என்ன வேண்டும்?’ என்ற எழுத்து அதைவிட வெளிர் சாம்பல். என் கணினித் திரையில் அது மார்கழிப் பனிக்குள் தெரியும் கோபுரம் போல இருந்தது. பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

அப்பா வந்து நின்று பார்த்தார். “இன்னும் நெட்டு வரல போலக்குது,” என்று ரவுட்டரை அணைத்துப் போட்டார்.

அத்தோடு விட்டேனா? அதே வேகத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தையும் எளிமையாக்கினேன். நாட்காட்டி, ஷோகேஸ் பொம்மைகள், டிவி மேலிருந்த துணி எல்லாம் பரணுக்குப் போயின. “ஏண்டி, நாம இன்னா வீடு காலி பண்றமா?” என்று அம்மா கேட்டாள். அமாவாசை எப்போது என்று தெரியாமல் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுவிட்டு வந்த அப்பா, என்னைப் பார்த்த பார்வையில் ரயில் நிலையம் தெரிந்தது.

திறப்பு விழாவை வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார் அண்ணன். ஊர் வியாபாரிகள் எல்லோருக்கும் அழைப்பு. அவர்கள் குடும்பத்தில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள். அதனால் விழா மதியம். மண்டபத்தின் ஜன்னல்கள் எல்லாம் மேற்குப் பார்த்தவை. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். நான் என்ன புடவை கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேடையில் பெரிய திரை. அதன்மேல் அரக்குப் பட்டுத் துணியில் திரைச்சீலை. சிறப்பு விருந்தினர் வணிகர் சங்கத் தலைவர், அரிசி மில் முதலாளி, ஆறடி உயரம், குரலுக்கு மைக் தேவையில்லை. முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும். தலைவர் கயிற்றை இழுத்தார். பட்டு விலகியது.

பின்னால் வெள்ளைத் திரை. ஜன்னல் வழியே வந்த வெயிலில் அது பளபளவென்று, சுத்தமாக, ஒரு பொட்டு அழுக்கில்லாமல் இருந்தது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு மண்டபமே கைதட்டியது. தலைவர் திரையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“நல்ல கெட்டியான துணி. மண்டபத்துக்கு ரொம்ப நாளா ஒரு ஸ்கிரீன் தேவைப்பட்டுச்சு. தம்பி தரணேந்திரன் வாங்கிக் குடுத்திருக்காரு. அவருக்கு நம்ம நன்றி.”

அண்ணன் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

“ஐயா, அது ஸ்கிரீன் இல்ல. வெப்சைட்டு. ஏற்கெனவே வந்துடுச்சு. நடுவுல ஒரு கட்டம் இருக்குது, பாருங்க.”

மண்டபம் முழுவதும் கழுத்தை நீட்டியது. உற்சவத்தில் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் சாமியைத் தேடுவது போல ஆளுக்கு ஒரு பக்கம் சாய்ந்தார்கள். “எங்கப்பா?” “எனக்குத் தெரியல.” “கண்ணாடிய வீட்ல வுட்டுட்டேன்.” ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து புரொஜெக்டரைத் தட்டினார், ஒயரைப் பிடுங்கினார், சொருகினார். பிடுங்கியபோதும் வெள்ளை. சொருகியபோதும் வெள்ளை.

“ஜன்னல சாத்துங்க! லைட்ட நிறுத்துங்க!” என்று நான் கத்தினேன்.

ஜன்னல்களைச் சாத்தினார்கள். யாரோ மெயின் சுவிட்சுப் பக்கம் போய் ஒரு பெரிய கைப்பிடியைக் கீழே தள்ளினார்கள். விளக்கோடு மின்விசிறிகளும் நின்றன. மே மாதம். மேடைக்கு மட்டும் ஜெனரேட்டர் என்பதால் புரொஜெக்டர் எரிந்தது. அந்தப் புழுக்கமான இருட்டில், திரையின் நடுவே, மங்கலாக, நூலளவில் ஒரு கட்டம் எழுந்தது.

“தெரியுது! தெரியுது!” என்று பின்வரிசையில் ஒரு குரல். ஒரு வயதான அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை.

எனக்கு உயிர் வந்தது. “ஐயா, உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. அண்ணன் அதுல டைப் பண்ணுவாரு,” என்று மைக்கைத் தலைவரிடம் நீட்டினேன். பில் என்பார், சரக்கு என்பார் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லையே! எல்லாவற்றையும்தான் நான் எடுத்துவிட்டேனே. வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்த அந்தப் பெரிய மனிதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மனசார, மைக்கில் சொன்னார்:

“ஒரு காபி இருந்தா குடும்மா.”

பதற்றத்தில் இருந்த அண்ணன் ‘காபி’ என்று டைப் அடித்து, என்டரைத் தட்டியும் விட்டார்.

இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். தேடியது கிடைக்காவிட்டால் ஒரு செய்தி வரும். முகப்பை இழைத்து இழைத்துச் செதுக்கியவள், அந்தச் செய்தியை மட்டும் தொடவே இல்லை. சோதனைக்காக முதல் நாள் போட்டு வைத்தபடி, திரை முழுக்க, தடித்த சிவப்பு எழுத்தில் அப்படியே இருந்தது. அன்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் கண்ணாடி இல்லாமலேயே தெரிந்த ஒரே வாக்கியம் அதுதான்:

‘மன்னிக்கவும். நீங்கள் கேட்டது எங்களிடம் இல்லை.’

சிறப்பு விருந்தினர் அதை வாய்விட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார். “ஒரு காபி கூடவா இல்ல?” என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, நிஜமான வருத்தம் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. சமையல்காரர்கள் அவமானப்பட்டு ஆளுக்கு ஒரு டவராவோடு மேடைக்கு ஓடிவந்தார்கள்.

நான் எப்போது இறங்கினேன், எந்தக் கதவு வழியாகப் போனேன் என்று தெரியாது. நினைவு வந்தபோது சாமான் அறையில், பூசணிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தேன். விடியற்கால ரயிலும் அந்த அம்மாளின் ரவிக்கையும் கண்முன் வந்தன.

அண்ணன் தேடிக்கொண்டு வந்தார். ஒரு பூசணிக்காயை நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, எங்கப்பா படத்தையாவது வுட்டு வச்சிருக்கலாம். மாலை செவப்பு. வெயில்ல அதுவாச்சும் தெரிஞ்சிருக்கும்.”

“சாரிண்ணா. உங்க மானமே போச்சு.”

“மானம் கெடக்குது. புடவை கதை சொன்னியே, உடல் பிளெயினா இருக்கணும், பார்டர் எடுக்கணும்னு. அது சரிதான். ஆனா நீ பார்டரே போடலியேம்மா. வெறும் வேட்டியத்தான நெய்து வச்சிருக்கே.”

அழுகையின் நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், மறுநாளிலிருந்து அவர் கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். “காபி இல்லாத வெப்சைட்டு உன்னுதுதானாப்பா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஒழுங்காக நடந்திருந்தால் மறந்திருப்பார்கள். நான் கடையிலேயே ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்கள் வாயைக் கவனித்தேன். பிறகு பக்கத்தை மாற்றினேன். கட்டத்துக்குக் கறுப்புக் கோடு. அதன் கீழே ‘பில் போட’, ‘சரக்கு பார்க்க’, ‘சம்பளம் போட’, ‘டிசைன் வரைய’ என்று அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே சில பொத்தான்கள். மேலே அரக்கில் ஒரு பட்டை, அதில் பளிச்சென்று தளத்தின் பெயர். மற்றதெல்லாம் காலி இடம்தான். ஆனால் இப்போது அது காலியாகத் தெரியவில்லை. அண்ணனின் அப்பா, மாலையோடு, ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் சிரிக்கிறார். விளக்கு எரிகிறது. (விட்டுக்கொடுத்தேன்.) தளம் இன்றும் நன்றாக ஓடுகிறது.

அப்பா அதை வெயிலில் கொண்டுபோய்க் கைபேசியில் பார்த்தார். ஒவ்வொரு பொத்தானாக வாய்விட்டுப் படித்தார். உள்ளே வந்து, பரணிலிருந்து நாட்காட்டியை இறக்கி ஆணியில் மாட்டினார். “ரயில் பாஸ் எடுக்க வேணாம்,” என்றார்.

வீட்டில் மட்டும் அந்தச் சிவப்பு எழுத்து அழியவில்லை. இரண்டாவது முறை அப்பளம் கேட்டால் அம்மா, “மன்னிக்கவும், நீங்கள் கேட்டது எங்களிடம் இல்லை,” என்று சுத்தமான செந்தமிழில் சொல்லுவாள். அதைக் கேட்டுக் கேட்டு என் கூடப் பிறந்த அண்ணனின் பிள்ளைகள் பேசத் தொடங்கியபோதே அந்த வாக்கியத்தைத்தான் முழுசாகப் பேசினார்கள்.

என் கல்யாணத்தில் அது உச்சத்துக்குப் போனது. தரணேந்திரன் அண்ணன் அப்போது ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் இயந்திரம் புதிதாக வாங்கியிருந்தார். மண்டப வாசலில் பெரிய பேனர் வைப்பது தன் பொறுப்பு என்றார். அதிகாலையில் வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார் வெளியிலேயே நின்றுவிட்டார்கள். வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். முழுக்க வெள்ளை. மாப்பிள்ளையின் மாமா அப்பாவுக்கு போன் போட்டார்.

“சம்மந்தி, பேனர திருப்பிப் போட்டு வச்சிருக்காங்க போல. பேரே காணோம்.”

“கிட்டப் போய்ப் பாருங்க,” என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். என் கணவர்தான் முதலில் போய், மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று, வெளிர் சாம்பலில் இருந்த எங்கள் இருவர் பெயரையும் கண்டுபிடித்தார்.

அந்த பேனர் இன்னும் அம்மாவிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் மொட்டை மாடியில் அதை விரித்துத்தான் வடாம் பிழிகிறாள். தெருவில் மற்றவர்கள் எல்லாம் பழைய கட்சி பேனரை விரித்து, யாரோ ஒரு தலைவரின் கன்னத்திலும் மீசையிலும் பிழிந்துகொண்டிருக்க, எங்கள் வீட்டு வடாம் மட்டும் வெள்ளை வெளேரென்ற வெட்டவெளியில் காய்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வருஷா வருஷம் இரவல் கேட்கிறாள். அம்மா கொடுப்பதில்லை.

“எம் பொண்ணு டிசைன்மா அது,” என்கிறாள்.