சர்வருக்குக் காட்டிய சூடம்

நிதானமானவன் என்று நம்பி என்னை வேலைக்கு வைத்தவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பதற்றம் வந்தால் கை உடனே வேலையைத் தொடங்கிவிடும். மூளை அடுத்த பஸ்ஸில்தான் வந்து சேரும்.

விழுப்புரத்தில் ஓர் எண்ணெய் ஆலை. திண்டிவனத்தில் அதற்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொள்முதல் செய்யும் கிடங்கு. இரண்டுக்கும் கம்ப்யூட்டர் பொறுப்பு நான். பழைய மிஷின்களைக் கழித்துவிட்டு, நடுத்தர சைஸில் ஒரே சர்வர் வாங்கி, அதை உள்ளுக்குள் மூன்றாகப் பிரிப்பது என் திட்டம். ஆலைக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று. ஒரே வீட்டில் மூன்று குடித்தனம். ஒரு வீட்டில் குழம்பு தீய்ந்தாலும் அடுத்த வீட்டுக்குப் புகை வராது. எதற்கு எத்தனை பிராசஸர், எவ்வளவு மெமரி, எந்த டிஸ்க் என்று சார்ட் பேப்பரில் மூன்று கலரில் கட்டம் போட்டேன். லைசென்ஸ் கட்டத்தில் மட்டும் 'பிறகு' என்று எழுதினேன். (பென்சிலில்தான். அந்த அளவுக்கு முன்யோசனை உண்டு.)

எத்தனை பிராசஸர் ஓடுகிறதோ அத்தனைக்கும் லைசென்ஸ் சாவி வாங்க வேண்டும். வாங்காவிட்டாலும், முதன்முதலில் ஸ்விட்ச் போட்ட நாளிலிருந்து எழுபது நாள் ஓடும். அதற்குள் எந்தக் குடித்தனம் எவ்வளவு தின்கிறது என்று பார்த்து அளவாக வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் சர்வர் கிடங்கில் வந்து இறங்கியது. முதலாளி தேங்காயோடு நின்றார்.

"நாள் நல்லாருக்கு. இன்னிக்கே போட்டுடுங்க."

போட்டேன். சூடம் காட்டினார். மாலையில் அணைக்கப் போனேன்.

"இன்னாங்க நீங்க! சூடம் காட்டினத அணைப்பாங்களா? ஓடட்டும்."

ஓடியது. ஆனி முழுக்கக் கிடங்கில் வயரிங். ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. ஆவணி முதல் முகூர்த்தத்தில்தான் தொடக்கம். எழுபது நாளை நான் ஆவணியிலிருந்து எண்ணக் காத்திருந்தேன். சர்வர் சூடத்திலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தது.

தொடக்க நாள் காலை கிடங்கு வாசலில் மல்லாட்டை மூட்டைகளோடு டிராக்டர் வரிசை. எடைச்சீட்டு போடும் அமுதா கத்தினார்.

"சார், லைசென்ஸ் முடிஞ்சிபோச்சாம். உள்ளயே உடமாட்டேங்குது!"

பழைய மிஷின்களை முந்தின நாள்தான், என் கையாலேயே, காயலான் கடைக்கு ஏற்றியிருந்தேன். சர்வரை விற்றவர்களுக்குப் போன் போட்டால், "விவரத்த மெயில்ல அனுப்புங்க சார், சாயங்காலம் சாவி வந்துடும்" என்றார்கள். அதுவரை டிராக்டர் நிற்குமா? வேறு வியாபாரியிடம் போய்விடும். அதன் பின்னாலேயே என் வேலையும் போய்விடும்.

கை வேலையைத் தொடங்கியது. கிடங்குப் பகுதியின் தேதியை, சூடம் காட்டிய நாளுக்கே திருப்பி வைத்தேன். திறந்துகொண்டது!

"சார், இது தப்பில்லையா?"

"ஜல்தி அடிம்மா! சீட்டுல தேதிய யாரு பாக்கப்போறா?"

ஓமந்தூரிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி பார்த்தார்.

"சார், இன்னா தேதி இது?"

"எடை சரியா இருக்கா, அதப் பாருங்க."

"எட சரிதான். அன்னிக்கு எம்பொண்ணு கல்யாணமாச்சே! பந்தியில சாம்பார் ஊத்திக்கினு இருந்த ஆளு, இங்க எப்டி வந்து மல்லாட்ட போட்டேன்?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "அதான் எங்களுக்கு ரசம் வரவேயில்ல!"

சூடம் காட்டியது முகூர்த்த நாளாயிற்றே! வரிசையில் பாதிப்பேர் அன்று ஏதோ ஒரு பந்தியில் இருந்தவர்கள். ஆளாளுக்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டு வந்த முதலாளி சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சூடம் காட்டினது நானு. சாவி வாங்க வேண்டியது யாரு?"

நான் சர்வரைப் பார்த்தேன். அதுவும் என்னைக் காட்டிக்கொடுப்பதுபோல் பச்சை விளக்கைச் சிமிட்டியது.

"பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ" என்றார். அதுவரை 'நீங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவர். "போ, கார்பன் வச்சி எழுது."

சாவி வந்து சேரும்வரை, நின்றபடியே, கையால் சீட்டு எழுதினேன். ஒரு டிராக்டரும் திரும்பிப் போகவில்லை. (நடந்த வேடிக்கையை விட்டுவிட்டு யார் போவார்கள்?) வேலை தப்பியது, 'நீங்க' மட்டும் திரும்பி வரவேயில்லை.

ஓமந்தூர்க்காரர் தன் இளைய மகள் கல்யாணத்துக்கும் பத்திரிகை அனுப்பினார். தேதியைச் சுற்றி சிவப்புப் பேனாவில் வட்டம், கீழே ஒரு வரி: "சார், இந்த நாள்ல எனக்குச் சீட்டு போட்டுடாதீங்க."

என் மனைவி அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறாள். வருகிற விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே அதைப் படிக்கக் கொடுக்கிறாள்.