வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டும்

அன்புள்ள தங்கைக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நானும் மகனும் மருமகளும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும், முட்டி நீங்கலாக உன் உடம்பின் மற்ற பாகங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நேற்று தொலைபேசியில், "வர மனசில்லன்னா இல்லன்னு சொல்லிடுக்கா, எதுக்கு இழுத்தடிக்கற?" என்று கேட்டுவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாய். அக்கா பக்கத்தில் இருந்தால்தான் அறுவை சிகிச்சைக்குப் படுப்பேன் என்று நீ அடம்பிடிப்பதும், டாக்டர் நாளைத் தள்ளிவைத்துத் தள்ளிவைத்துப் பொறுமை இழந்துவிட்டதும் எனக்குத் தெரியும். மனசெல்லாம் இருக்கிறது. பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. இல்லாதது வெளிச்சம். விசா விண்ணப்பத்துக்கு ஒரு புகைப்படம் வேண்டும், அது அமையவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். நடுவில் பக்கம் தாண்டாமல் படி, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

எங்கள் தெருக்கோடிக் கடையில், லிப்டுக்குப் பக்கத்தில், திரை போட்ட புகைப்படக் கூண்டு ஒன்று இருக்கிறது. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் அதுவே படம் எடுத்து வெளியே துப்பும். முதலில் துப்பியதைப் பார்த்ததும் எனக்கு முன்னால் உட்கார்ந்தவருடைய படம் என்று நினைத்து ஓரமாக வைத்தேன். விளக்கு உச்சந்தலைக்கு நேர் மேலே இருப்பதால் கண் இரண்டும் குழி. மூக்கின் நிழல் அசல் மீசை. சரி, முகத்தில் வெளிச்சம் விழட்டும் என்று மோவாயை உயர்த்தி உட்கார்ந்தேன். மீசை போனது, கூடவே தலையும் போனது. பின்னால் வெள்ளைத் திரை, எனக்கு வெள்ளை முடி. நெற்றியோடு நான் முடிந்துவிட்டேன். "தலை தெரியவில்லை, மீண்டும் முயலவும்" என்று இயந்திரம் ஊருக்கே கேட்கும்படி சொன்னது. வெளியே வரிசையில் நின்ற ஒருவர் மனைவியிடம், "இந்தம்மாவுக்குத் தலையே இல்லையாம்" என்றார். வீட்டில் மருமகள், "அத்தை, கொஞ்சம் டை அடிச்சுக்கலாமே?" என்றாள். "அரசாங்கத்துகிட்டப் பொய் சொல்லச் சொல்றியா?" என்று கேட்டேன்.

உன் அத்தான் போன பிறகு என்னை யாரும் நிறுத்திவைத்துப் படம் எடுத்ததில்லை. "ஜன்னல் பக்கம் திரும்பு" என்பார், திரும்புவேன். படம் நன்றாக வரும். அது என் முகத்தின் சிறப்பு என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஜன்னலின் சிறப்பு என்று அந்த மனிதர் ஒருநாளும் சொல்லவில்லை, பார்.

கூண்டில் ஜன்னல் ஏது? கான்வென்டில் மதர் சொன்னது நினைவுக்கு வந்தது: எழுதும்போது வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டும், அப்போதுதான் கை நிழல் தாளில் விழாது. கைக்குச் சொன்னது மூக்குக்குப் பொருந்தாதா? என் மேசை விளக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். கூண்டுக்கு வெளியே ஒரு பிளக் இருந்தது. அதில் ஏற்கெனவே ஏதோ செருகியிருந்தார்கள். பிடுங்கிவிட்டு என் விளக்கைச் செருகினேன். இடப்பக்கம் வைத்தால் வலக்கன்னம் இருட்டு, கொஞ்சம் தள்ளினால் கண்ணாடியில் பளபளப்பு, கண்ணாடியைக் கழற்றினால் பொத்தான் தெரியவில்லை. இப்படியே வெகுநேரம் உழைத்துக்கொண்டிருந்தபோது திரைக்கு அடியில் ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது. கடை மேனேஜர்.

"மேடம், ஐஸ்கிரீம் பெட்டி பிளக்க யாரு புடுங்கினது?"

"நான்தான். உள்ளே வெளிச்சம் ஒழுங்கா இருந்தா நான் ஏன் புடுங்கப் போறேன்?"

"அதுக்கு என் ஐஸ்கிரீம் என்ன மேடம் பண்ணுச்சு?"

கேள்வி நியாயமானது. மன்னிப்புக் கேட்டு, உருகியதை எல்லாம் நானே வாங்கிவந்தேன். உன் அக்கா மகன் இன்றுவரை அதைக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

இதற்குப் பிறகுதான் மருமகளுக்கு இரக்கம் வந்து, என்னோடு கூண்டுக்கு வந்தாள். பல் டாக்டர் அல்லவா, நாளெல்லாம் இருட்டான வாய்க்குள் வெளிச்சம் பாய்ச்சுகிறவள். "மேலேர்ந்து வர்ற வெளிச்சத்தக் கீழேர்ந்து திருப்பி விடணும் அத்தை, அவ்வளவுதான்" என்று தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி என் மடியில் விரித்தாள். நிஜமாகவே கண்குழி மறைந்தது, மீசை உதிர்ந்தது. மிச்சம் தலை. அதற்கு வழி சொன்னது நான். ஓரம் வரையாத தேசப்படத்துக்குக் கான்வென்டில் மார்க் கிடையாது. எனவே அவளுடைய புருவப் பென்சிலால் என் முடியின் விளிம்பு நெடுக ஒரு கோடு போடச் சொன்னேன். இது பொய் அல்ல, எல்லை. குனிந்து வரைந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பென்சில் வழுக்கிக் காதோரம் ஒரு தீபகற்பம் விழுந்தது. "சிரிக்காதே, கோடு கோணுது!" என்று அதட்டப்போய் எனக்கும் சிரிப்பு. இரண்டு பேரும் அந்தத் திரைக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, மேனேஜர் வெளியே ஐஸ்கிரீம் பிளக்கைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் படம்! ஓய்வுபெற்ற நீதிபதி மாதிரி இருக்கிறேன். மேனேஜரே வாங்கிப் பார்த்து, "இது நீங்களா மேடம்?" என்றார். உனக்கும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். நாளை விசா அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன். இனி, வர மனசில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாயோ, நேரில் வந்து காதைத் திருகுவேன். முட்டியை மடக்காதே, மாடி ஏறாதே, டாக்டரைப் படுத்தாதே. நீயும் உன் குடும்பமும் எல்லா நலனும் பெற்று நெடுநாள் நடமாட வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் எடுத்துப்போனது நல்லதாயிற்று. விசா அலுவலகத்துப் பெண் என் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படமெல்லாம் இங்க நாங்களே எடுத்துருவோம் ஆன்ட்டி" என்றாள். "என்னது?" என்று கேட்க வாயைத் திறந்தேன், எடுத்துவிட்டாள். குழிக்கண், மீசை, திறந்த வாய், எல்லாம் இருக்கிறது. ஆட்சேபம் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். மருமகளிடம் குறைப்பட்டுக்கொண்டால், "தினமும் இப்படித்தான் இருக்கீங்க அத்தை" என்கிறாள். எப்படியோ வருகிறேன், டாக்டரிடம் நாள் குறிக்கச் சொல். ஒன்றே ஒன்று: நான் அனுப்பியிருக்கும் படத்தைக் கையில் கொடுத்து உன் வீட்டுக்காரரை விமான நிலையத்துக்கு அனுப்பாதே, என்னைத் தாண்டிப் போய்விடுவார். "என்னது, என்னது" என்று கேட்டபடி ஒரு கிழவி வருவாள், அவளை அழைத்து வரச்சொல்.