அவித்த நெல் முளைத்த அதிசயம்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் அந்த வாரம் டிராஃபிக் நின்றதற்குக் காரணம் மந்திரியும் அல்ல, மழையும் அல்ல. நெல்! பச்சைநெல் சாமி என்று ஒருவர் வந்து இறங்கியிருந்தார்.

பிழைக்க வந்தவர்கள் தங்கள் சொந்த ஊர் நெல்லில் ஒரு பிடி கொண்டுபோனால் போதும். காய்ந்த மண் நிரப்பிய பானையில் போட்டு, மஞ்சள் துணியால் மூடி, எதையோ முணுமுணுப்பார். சொட்டுத் தண்ணீர் கிடையாது. மறுநாள் காலையில் துணியை எடுத்தால் சாண் உயரத்துக்கு முளைப்பாரி! பருவமழையே பருவம் மறந்துபோன காலத்தில் சாமியின் நெல் மட்டும் தப்பாமல் முளைத்தது.

முளையைப் பார்த்துச் சாமி அருள்வாக்குச் சொல்வார். எல்லோருக்கும் ஒரே வாக்குத்தான். "நெல்லே போடு மக்கா. அடியில கங்கையம்மா ஓடுதா. போர் போடு." பக்கத்து மேஜையில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டிக்கு முன்பதிவு செய்துகொண்டிருந்தவர் சாமியின் மச்சான். கங்கைக்கும் கமிஷன் உண்டு போலும்.

மாரிசெல்விக்கு வயிறு எரிந்தது. அவள் இட்லி அவிப்பாள். கணவன் நயினார் அதைச் சைக்கிளில் மாட்டுங்கா பக்கம் கொண்டுபோய் விற்பான். ஊரில் நயினாரின் நிலத்தில் பயிர் வைப்பவன் அவள் தம்பி சுரேந்திரன். அங்கே இரண்டு வருடமாகக் குளம் நிரம்பவில்லை. நெல்லைக் காப்பாற்ற ஆளாளுக்குப் போர் இறக்கி உறிஞ்சியதில், தெருவுக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு குடிதண்ணீர்க் கிணறு. அதுவும் நயினாரின் நிலத்தை ஒட்டி இருந்தது. அங்கே இன்னொரு போர் இறங்கினால் அந்தக் கிணறும் காலி.

"தம்பி இந்த வருசம் கம்பு போடுதேங்கான். கொஞ்சம் தண்ணி போதும், வெயிலும் தாங்கும்" என்றாள்.

"ஒந்தம்பி பெரிய விஞ்ஞானி! வயல்ல தண்ணி தேங்கி நின்னா ஒரு வாயு கெளம்பி பூமியச் சூடாக்குதாம். ஏட்டி, வயலு குசு விடுமா?"

"விடுதோ இல்லையோ, கெணறு வத்துனா எங்கம்மை தண்ணிக்கு எங்க போவா?"

"சாமி சொல்லட்டும். முளைச்சா போர். ஏக்தம் பக்கா!" என்று இந்தியில் அடித்துச் சொன்னான் நயினார்.

அன்று மத்தியானம் நயினார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, தம்பி அனுப்பிய விதைநெல்லில் ஒரு பிடியை மாரிசெல்வி இட்லிக் கொப்பரையில் வைத்து அவித்தாள். உமி வெடிக்கும் முன் இறக்கி, தகரக் கூரையில் காயவைத்து, முடிச்சுப் போட்டுக் கணவன் கையில் கொடுத்தாள். பார்த்தால் நெல், உள்ளே புழுங்கலரிசி.

மறுநாள் காலை, நயினார் என்று சீட்டு ஒட்டிய பானையின் துணி விலகியது. சாண் உயரம்! நயினார் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

மாரிசெல்வி எழுந்தாள். "சாமி, நாங்க குடுத்தது அவிச்ச நெல்லு. நாந்தான் அவிச்சேன். அது எப்படி முளைச்சுது?"

சாமிக்கு முழி பிதுங்கியது. அத்தோடு மாட்டிக்கொண்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களுக்கு நம் ஆட்களைத் தெரியவில்லை.

"அவிச்ச நெல்லையே முளைக்க வச்ச தெய்வமே!" என்று ஒருவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பின்னாலேயே நயினாரும் விழுந்தான். சாமிக்கே ஆச்சரியம்தான். ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "எல்லாம் அவள் செயல்" என்று கண்ணை மூடினார்.

மாரிசெல்வி தூக்குவாளியைத் திறந்தாள். "ரொம்ப சந்தோசம் சாமி. இந்தா நாலு இட்லி. இதுவும் அவிச்ச நெல்லுலேர்ந்து வந்ததுதான். முளைக்க வையுங்க. துணி மட்டும் வேண்டாம். நாங்க சுத்தி உக்காந்து பாக்கோம்."

கூட்டம் ஆசையாக உட்கார்ந்தது. சாமி இட்லியைப் பார்த்தார். இட்லி சாமியைப் பார்த்தது. மந்திரம் முடிந்தது, மறுபடி ஆரம்பித்தது. இட்லி அசையவில்லை.

"சட்னி தோஷம்" என்றார் சாமி.

"சட்னியே ஊத்தலியே" என்றாள் மாரிசெல்வி.

வெயில் ஏறியது. "ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்" என்று எழுந்த சாமியின் கால் பீடத்தை மூடியிருந்த துணியில் சிக்கியது. துணி சரிந்தது. அடியில் ஈரச்சாக்கின் மேல், ஒரு வாரமாக வளர்ந்த முளைப்பானைகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் தண்ணீர்க் கேன்கள். மூலையில் சீட்டு உரித்த ஒரு பானை. அதில் மாரிசெல்வியின் அவித்த நெல் போட்டது போட்டபடி கிடந்தது. தண்ணீரே குடிக்காத நெல், தாராவிக்காரர்கள் அடித்துப் பிடித்துப் பிடிக்கும் குழாய்த் தண்ணீரைக் கேன் கேனாகக் குடித்திருந்தது!

நயினார் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனை எடுத்தான். "சுரேந்திரா, கம்பே போடுப்பா. போர் வேண்டாம். வயலு வாயு விட்டாலும் விடும்டே, இந்த ஆளு விட்டது அம்புட்டும் கதை."

சாமி இப்போது கோவண்டிப் பக்கம் போய்க் கோதுமைச் சாமியாக இருக்கிறாராம். வரிசை இங்கே இருந்ததைவிட நீளமாம்.

ஐயா, அம்மா, நெல்லை அவியுங்கள், இட்லியை அவியுங்கள். மூளையை மட்டும் அவித்துவிடாதீர்கள். அவிந்தால் அதுவும் முளைக்காது.